வளைவில் சாயும் மோட்டார் சைக்கிள்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடுமுறை நாட்களில் இச்சாலையில் மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்களைக் கூர்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். ஒரே வளைவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உட்கார்ந்து திரும்புகிறார்கள். ஒருவர் வண்டி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவே தாமும் சாய்கிறார். மற்றொருவர் வண்டியைச் சாய்த்துவிட்டுத் தாம் மட்டும் நிமிர்ந்து இருக்கிறார். மூன்றாமவர் தொலைக்காட்சியில் பந்தயங்களைப் பார்த்தவர் போலும். இருக்கையிலிருந்து பாதி உடலை வளைவின் உட்பக்கமாக இறக்கி, முழங்காலை விரித்துக்கொண்டு போகிறார். ஏன் என்று கேட்டால், "உடம்பை இறக்கினால் வண்டி வழுக்காது, வேகமாகத் திரும்பலாம்" என்பார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி அவரைப் பள்ளத்தில் தள்ளக்கூடியது. எந்தப் பாதி எது என்பதைக் கண்டுகொள்ள மேல்நிலை வகுப்பு இயற்பியலே போதும்.

முதலில் வண்டி ஏன் சாய வேண்டும் என்று பார்ப்போம். வட்டப் பாதையில் செல்லும் எந்தப் பொருளுக்கும் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அவ்விசையைக் கொடுப்பது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு மட்டுமே. இங்கே மையவிலக்கு விசையைப் பற்றிச் சொல்லலாமா, கூடாதா என்று எங்கள் வகுப்பறையில் ஆண்டுதோறும் ஒரு சண்டை நடக்கும். வண்டியோடு செல்பவருக்கு அது உண்டு. சாலையோரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது இல்லை. நாம் சாலையோரத்திலேயே நிற்போம்.

டயர் தரையைத் தொடும் இடத்தில் இரண்டு விசைகள் செயற்படுகின்றன. ஒன்று சாலை மேல்நோக்கித் தரும் எதிர்விசை. இது வண்டி, ஓட்டுபவர் இருவரின் மொத்த எடைக்குச் சமம். மற்றொன்று மையத்தை நோக்கிய உராய்வு விசை. இவ்விரண்டின் தொகுபயன் விசை, வண்டியும் ஆளும் சேர்ந்த ஈர்ப்பு மையத்தின் வழியே செல்ல வேண்டும். செல்லாவிட்டால் ஒரு திருப்புத்திறன் தோன்றி வண்டியை ஏதேனும் ஒரு பக்கம் கவிழ்த்துவிடும். எனவே டயர் தொடும் இடத்தையும் ஈர்ப்பு மையத்தையும் இணைக்கும் கோடு உட்பக்கமாகச் சாய்ந்தாக வேண்டும். அச்சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு, திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் வரும் எண். இதில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வண்டி கனமானதா, லேசானதா என்பது கோணத்தை மாற்றாது.

கணக்குப் போடுவோம். வளைவின் ஆரம் 20 மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். 100ஐ 20 × 9.8 ஆல் வகுத்தால் 0.51. கோணம் 27 டிகிரி. வேகத்தை 45 கி.மீ. ஆக்கினால் எண் 0.80 ஆகிறது, கோணம் 39 டிகிரி. 54 கி.மீ. ஆக்கினால் 1.15; கோணம் 49 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆனால் எண் இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது.

இந்த எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வண்டி வழுக்காமல் இருக்க டயருக்கும் சாலைக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்த அளவு உராய்வுக் குணகமும் இதுவே. காய்ந்த நல்ல தார்ச்சாலையில், நல்ல டயருக்கு, இக்குணகம் 0.8 அல்லது அதற்குச் சற்று மேலாக இருக்கும். மழை பெய்தால் வெகுவாகக் குறையும். தார் மேல் மணலோ ஜல்லித்தூளோ கிடந்தால் இன்னும் குறையும். ஆகவே 36 கி.மீ. வேகத்தில் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு திரும்புகிறவர், 45 கி.மீ. வேகத்தில் இருப்பது முழுவதையும் செலவிட்டுவிடுகிறார். இடையில் உள்ள வேறுபாடு 9 கி.மீ. மட்டுமே. அந்நிலையில் பிரேக்கைத் தொட்டால் அதற்குத் தர டயரிடம் ஒன்றும் இராது.

இனி உடலின் இருப்புக்கு வருவோம். சாய வேண்டியது டயரையும் ஈர்ப்பு மையத்தையும் இணைக்கும் கோடு என்று சொன்னோம். வண்டி அந்தக் கோணத்தில்தான் சாய வேண்டும் என்று சொல்லவில்லை. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

வண்டி 140 கி.கி., ஓட்டுபவர் 60 கி.கி. என்க. இருவரும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஓட்டுபவர் தம் உடலின் நடுப்பகுதியை 10 செ.மீ. உட்பக்கம் நகர்த்தினால், மொத்த எடையான 200 கி.கி.யில் அவர் பங்கு 60 ஆதலால், சேர்ந்த ஈர்ப்பு மையம் 3 செ.மீ. நகரும். 60 செ.மீ. உயரத்தில் 3 செ.மீ. என்பது ஏறத்தாழ 3 டிகிரிக்குச் சமம். கோடு அதே 27 டிகிரியில் இருக்க, வண்டி 3 டிகிரி குறைவாகச் சாய்ந்தால் போதும்.

டயரின் பருமனையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். டயர் கத்தி விளிம்பு அன்று. அதன் குறுக்கு வெட்டு வட்டமானது. வண்டி சாயும்போது தரையைத் தொடும் இடம் டயரின் நடுவிலிருந்து உட்பக்க ஓரத்துக்கு நகர்கிறது. இதை ஈடுசெய்ய வண்டி கூடுதலாகச் சாய வேண்டியிருக்கிறது. குறுக்கு வெட்டின் ஆரம் 6 செ.மீ. என்றால், நம் கணக்கில் இதுவும் ஏறக்குறைய 3 டிகிரி வரும்.

ஆக, கொல்லிமலையில் நாம் கண்ட மூவரும் 36 கி.மீ. வேகத்தில் அதே வளைவில் திரும்பினால், வண்டியோடு ஒன்றாகச் சாய்பவரின் வண்டி 30 டிகிரி சாய்கிறது. உட்பக்கம் 10 செ.மீ. இறங்கியவரின் வண்டி 27 டிகிரி. உடலை அதே அளவு வெளிப்பக்கம் நிறுத்தி நிமிர்ந்து இருப்பவரின் வண்டி 33 டிகிரி.

ஆனால் டயரிடம் கேட்கப்படும் உராய்வு? மூவருக்கும் அதே 0.51. அதில் ஓர் இம்மியும் குறையவில்லை. அந்த எண் வேகத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது. உட்காரும் விதத்தைப் பொறுத்ததன்று. உடலை இறக்குவதால் மிச்சமாவது சாய்வுக் கோணம், உராய்வு அன்று. "உடம்பை இறக்கினால் வழுக்காது" என்பதில் உள்ள பிழை இதுதான். மணல் கிடக்கும் வளைவில், முழங்காலை எவ்வளவு அழகாக விரித்தாலும், மணல் அதைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் பந்தய வீரர்கள் ஏன் இறங்குகிறார்கள் என்ற கேள்வி எழும். முன்பெல்லாம் பந்தய வீரர்களும் முழங்கால்களைப் பெட்ரோல் டேங்கோடு சேர்த்துக்கொண்டு வண்டியோடு ஒன்றாகவே சாய்ந்தார்கள். 1970களில் இது மாறியது. பனிக்கட்டித் தளங்களில் ஓட்டிப் பழகிய பின்லாந்து வீரர் யார்னோ சாரினென், 1972இல் 250 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் வென்றவர், உட்பக்கம் இறங்கி ஓட்டியவர்களில் முன்னோடி. மண் தளப் பந்தயங்களிலிருந்து வந்த அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ் 1978, 1979, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளும் 500 சி.சி. பட்டத்தை வென்றபின், முழங்கால் தரையில் உரசும் பாணி எங்கும் பரவியது. டயர்கள் அகலமாகவும் பற்று மிக்கனவாகவும் ஆனதும் இதற்கு ஒரு காரணம். உராய்வு மிகுதியாகக் கிடைத்தபோது வண்டி மேலும் சாய முடிந்தது. அப்போது எஞ்சினின் அடிப்பாகமும் புகைபோக்கிக் குழாயும் தரையில் இடிக்கத் தொடங்கின. அகலமான டயர் கூடுதல் சாய்வையும் கேட்டது. அந்தச் சில டிகிரிகளை மீட்கவே உடல் இறங்கியது. இன்று முதல்தரப் பந்தயங்களில் வண்டி 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறது. முழங்காலோடு முழங்கையும் தரையைத் தொடுகிறது. தரையில் உரசும் முழங்கால் பெரும்பாலும் ஊன்றுகோல் அன்று, அளவுகோல். எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதை அது சொல்லும்.

சாலையில் செல்பவருக்கு இந்தச் சில டிகிரிகள் பயன்படாதவை அல்ல. பல சிக்கன வண்டிகளில் மோட்டார் சைக்கிளின் கால் தாங்கி, மெக்கானிக்குகள் 'புட்ரெஸ்ட்' என்பார்களே அது, மடங்காத இரும்புக் குழாயாக இருக்கிறது. அளவுக்கு மேல் சாய்ந்து அது தரையில் ஊன்றினால் நெம்புகோலாகிச் சக்கரத்தையே தரையிலிருந்து கிளப்பிவிடும். பெரிய சாலை வண்டிகளில் இதற்காகவே புட்ரெஸ்டைக் கீல் வைத்து மேல்நோக்கி மடங்கும்படி அமைக்கிறார்கள். அதன் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு திருகாணி முதலில் உரசி எச்சரிக்கை கொடுக்கும். உடலைச் சற்று உட்பக்கம் சாய்த்து, உள் தோளை இறக்கி, பார்வையை வளைவின் கோடிக்குச் செலுத்தினால் ஓரிரு டிகிரி கைவசம் இருக்கும். எதிர்பாராத குழிக்கும் கல்லுக்கும் அது உதவும். அதை வேகமாக மாற்றிச் செலவிட்டால் உராய்வுக் கணக்கு உதைக்கும்.

பின்னிருக்கையில் இருப்பவரும் இந்தக் கணக்கில் உண்டு. வளைவில் பயந்து வெளிப்பக்கம் நிமிர்கிறவர், ஓட்டுபவர் மிச்சம் பிடித்த கோணத்தைச் செலவழித்துவிடுவார். ஓட்டுபவரின் உள் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், உடல் தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும். புடவை கட்டிய பெண்கள் இடப்பக்கம் கால்களைத் தொங்கவிட்டு ஒருக்களித்து அமர்வது நம் ஊர் வழக்கம். அப்போது ஈர்ப்பு மையம் இடப்பக்கம் விலகுவதால், நேர்ச்சாலையிலேயே வண்டி ஒன்றரை டிகிரி போல வலப்பக்கம் சாய்ந்துதான் போகும். வலப்பக்க வளைவில் அது மேலும் கூடுகிறது.

இனி புட்ரெஸ்டை மிதிப்பது பற்றி. "வலப்பக்கம் திரும்ப வலது புட்ரெஸ்டை அழுத்து" என்பது மோட்டார் சைக்கிள் பழகுவோர் அடிக்கடி கேட்கும் அறிவுரை. 20 கி.கி. எடைக்குச் சமமான விசையால், அதாவது ஏறத்தாழ 200 நியூட்டனால், வண்டியின் நடுத்தளத்திலிருந்து 25 செ.மீ. தள்ளியிருக்கும் புட்ரெஸ்டை மிதித்தால் 50 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் வருகிறது. இது சிறிதன்று. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து நகராமல் மிதித்தால் என்ன ஆகும்? வலக்கால் கீழே அழுத்தும் அளவுக்கு இருக்கையின் மேல் பளு குறையும். உடல் இடப்பக்கம் சரியாமல் இருக்க, தொடை டேங்கை அழுத்தும். கை கைப்பிடியை இழுக்கும். இவை எல்லாம் எதிர்த் திருப்புத்திறன்கள். கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது மிகக் குறைவு. கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு கூடையின் கைப்பிடியைத் தூக்கும் கதைதான்.

இதை இன்னும் சற்று ஆழமாகப் பார்க்கலாம். மிதிப்பதும் இழுப்பதும் வண்டி, ஆள் என்ற தொகுதியின் அக விசைகள். அக விசைகளால் ஒரு தொகுதியின் ஈர்ப்பு மையத்தைப் பக்கவாட்டில் நகர்த்த இயலாது என்பது நியூட்டன் விதி. நீங்கள் உடலை வலப்பக்கம் வீசினால் வண்டி சிறிது இடப்பக்கம் சாய்கிறது. அவ்வளவே. அப்படியானால் இரு கைகளையும் விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டுபவர் எப்படித் திரும்புகிறார்? ஒரு சைக்கிளின் இருக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு அதை இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். முன்சக்கரம் தானாக இடப்பக்கம் திரும்பும். கைவிட்டு ஓட்டுபவர் உடலை வலப்பக்கம் சாய்க்கச் சைக்கிள் இடப்பக்கம் சாய்கிறது; முன்சக்கரம் இடப்பக்கம் திரும்புகிறது; டயர்கள் இடப்பக்கம் ஓடி, மேலே உள்ள ஈர்ப்பு மையத்தை வலப்பக்கம் விட்டுவிடுகின்றன; அதன்பின் சைக்கிளும் ஆளும் சேர்ந்து வலப்பக்கம் சாய்கிறார்கள்.

இது சுற்றுவழி. சைக்கிள் ஆளைவிட மிக லேசானது என்பதால் அங்கு நடக்கிறது. 140 கி.கி. வண்டியை 60 கி.கி. ஆள் இப்படித் திருப்ப முயன்றால் மிக மெதுவாகவே திரும்பும். கலிபோர்னியாவில் பயிற்சிப் பள்ளி நடத்திய கீத் கோட் இதை நேரில் காட்ட ஒரு வண்டியையே செய்தார். வழக்கமான ஹேண்டில்பாருக்கு மேலாக, வண்டியின் சட்டத்தோடு அசையாமல் பற்றவைத்த இன்னொரு ஹேண்டில்பார். அதைப் பிடித்துக்கொண்டு, உடலையும் கால்களையும் மட்டும் கொண்டு திருப்புங்கள் என்பார். புட்ரெஸ்டை மிதித்தே திருப்புவதாக நம்பி வந்தவர்களால், வண்டியைச் சற்று அலைய வைக்க முடிந்ததேயன்றி ஒரு வளைவை உறுதியாகத் திரும்ப முடியவில்லை.

நேர்வழி கையில் இருக்கிறது. வலப்பக்கம் திரும்ப, வலக்கைப் பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். ஆம், தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பி, டயரை ஈர்ப்பு மையத்தின் அடியிலிருந்து இடப்பக்கம் கொண்டு போகும். வண்டி வலப்பக்கம் சாயும். சாய்ந்ததும் முன்சக்கரம் தானாக வலப்பக்கம் திரும்பி வளைவில் ஓடும். துடைப்பத்தைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடிய எவரும் இதை அறிவர். துடைப்பம் வலப்பக்கம் சாய வேண்டுமானால் கையை இடப்பக்கம் நகர்த்துகிறோம். சைக்கிளைப் பற்றி இவ்வுண்மையை ஸ்காட்லாந்து அறிஞர் ராங்கின் 1869லேயே எழுதினார். விமானம் கண்ட வில்பர் ரைட், அடிப்படையில் சைக்கிள் கடைக்காரர், பலரிடம் நீங்கள் எப்படித் திரும்புகிறீர்கள் என்று விசாரித்துப் பார்த்திருக்கிறார். நாள்தோறும் செய்வதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் இல்லை. வாசகர்கள் ஆளில்லாத மைதானத்தில் சைக்கிளை ஓரளவு வேகமாக ஓட்டி, விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் வலது பிடியை மிக மென்மையாகத் தள்ளிப் பார்க்கலாம்.

தெரியாமலே செய்கிறோமே, தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டும் அவர் குழுவினரும் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டனர். இடரைக் கண்டதும் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் பின்பிரேக்கை மிகையாக அழுத்திச் சறுக்கினர். முன்பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. பிடியைத் தள்ளி வண்டியை விலக்கும் திறன் அவர்களிடம் இல்லை என்றே சொல்லலாம். வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுபவரின் பிழையால் நேர்ந்தவை. அவற்றில் அடிக்கடி காணப்பட்டவை மிகை பிரேக்கால் சறுக்கி விழுவதும், வளைவில் போதிய அளவு சாயாமல் வெளியே ஓடிவிடுவதுமே. டயருக்கு இன்னும் சாயத் திறன் இருக்கும்; அச்சத்தால் கைகள் விறைத்துப்போகும்; கண்கள் பள்ளத்தையே பார்க்கும்; வண்டியும் அங்கேயே போகும்.

கைகள் விறைக்காமல் இருப்பதற்கு வழி செய்வதில்தான் புட்ரெஸ்டின் உண்மையான பயன் அடங்கியிருக்கிறது. உடலின் பளுவைத் தொடைகளும் கால்களும் தாங்கினால் கைகள் தளர்வாக இருக்கும். ஹேண்டில்பார் தன் சிறு திருத்தங்களைத் தானே செய்துகொள்ளும். பாதத்தின் முன்பகுதியைப் புட்ரெஸ்டில் ஊன்றி, வெளிப்பக்க முழங்காலை டேங்கில் அணைத்துக்கொள்வது நல்லது. உடலை நகர்த்துவதானால் வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே, கால்களின் பலத்தால் நகர்த்த வேண்டும். சாய்ந்த நிலையில் ஹேண்டில்பாரைப் பற்றி உடலை இழுத்தால் அந்த இழுப்பே ஒரு திருப்பலாகிவிடும்.

கரடுமுரடான பாதையில் புட்ரெஸ்டின் மேல் எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் கீழே இறங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இது தவறு. பளு எந்த இடத்தில் ஊன்றப்படுகிறது என்பதைப் பொறுத்ததன்று ஈர்ப்பு மையம். நிறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எழுந்து நின்றால் அது உயரவே செய்யும். ஆனாலும் எழுந்து நிற்பது பயனுள்ளதே. முழங்கால்கள் சுருள்வில் போல மடங்கி நிமிர, வண்டி அடியில் தன் போக்கில் குலுங்குகிறது, ஆள் குலுங்குவதில்லை. மண் பாதையில் வெளிப்பக்கப் புட்ரெஸ்டின் மேல் நின்று வண்டியை மட்டும் உள்ளே சாய்ப்பதும் இவ்வகையே. அங்கு வேகம் குறைவு. டயர் திடீரென வழுக்கினாலும் ஆள் டயருக்கு மேலாகவே இருப்பதால் சமாளிக்க நேரம் கிடைக்கும். நாம் கண்ட இரண்டாமவர் அந்த வித்தையைத் தார்ச்சாலைக்குக் கொண்டு வந்திருக்கிறார் போலும்.

மலைச்சாலையின் வலப்பக்க வளைவுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் செல்கிறோம். ஆகவே வலப்பக்கம் திரும்புகையில் சாலையின் நடுக்கோட்டை நோக்கிச் சாய்கிறோம். ஓட்டுபவரின் தலை டயரிலிருந்து 1.4 மீட்டர் தொலைவில் இருந்தால், 27 டிகிரிச் சாய்வில் அது டயரைவிட 64 செ.மீ. வலப்பக்கம் இருக்கும். உடலையும் இறக்கினால் இன்னும் 10 அல்லது 15 செ.மீ. கூடும். டயர் நடுக்கோட்டுக்கு அரை மீட்டர் இடப்பக்கம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கையில், தலை கோட்டைத் தாண்டி, எதிரே இறங்கிவரும் பேருந்தின் பாதையில் இருக்கும். இடது ஓரத்தை ஒட்டியே வளைவுக்குள் நுழைந்து, அதன் நடுப்பகுதி கழியும் வரை டயருக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு மீட்டருக்குக் குறையாமல் விட்டால்தான் தலையும் நம் பாதிச் சாலையில் இருக்கும்.